எட்டு டம்ளர் காபி

உங்கள் குடும்பத்தில் கோர்ட் கேஸ் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா? 'சேச்சே... எங்க குடும்பத்துலயா?' என்று அவசரமாகத் தலையாட்டாதீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். சித்தப்பா வகையில் ஒரு பாகப்பிரிவினை, காலி பண்ண மாட்டேன் என்கிற குடித்தனக்காரர், பேங்கிலிருந்து திரும்பி வந்த செக், பக்கத்து வீட்டுக்காரர் அரை அடி தள்ளி எழுப்பிய மதில் சுவர்... ஏதாவது ஒன்று இருக்கும். நாட்டில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் ஐந்து கோடியைத் தாண்டிவிட்டன என்று 2023-ல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். ஒரு வழக்குக்குக் குறைந்தது இரண்டு பேர். பெருக்கிப் பாருங்கள்.

நான் பிரதிவாதி. என்மேல் வழக்குப் போட்டவர் என் சொந்த அக்கா.

இதை எழுதலாமா, கூடாதா என்று நாலு வருடம் யோசித்தேன். காரணம், அந்த வழக்கு முடிந்தது கோர்ட் ஹாலில் இல்லை. சமரச மையத்தில். 'மீடியேஷன்' என்று சொல்கிறார்களே, அது. அங்கே பேசியது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது முதல் விதி. அதனால் அக்காவிடமே கேட்டேன்.

"எழுதிக்கோ. என் பேரு போடாத. ஆனா உன் எக்செல் ஷீட்டை மட்டும் விடாம எழுதணும், சரியா?" என்றாள்.

சரி, எழுதுகிறேன். ஆனால், எக்செல் ஷீட்டுக்கு முன்னால் காபி.

1999. நான் பி.காம். இரண்டாம் வருடம். பெரம்பூரில் அரை கிரவுண்டில் அப்பா கட்டிய வீடு. அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளைக்கு வேலூரில் வேலை. ஒருநாள் ராத்திரி ஒரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு, மாற்றுப் புடவைகூட இல்லாமல் அக்கா வந்து நின்றாள். கன்னத்தில் வீக்கம். "படியில தடுக்கி விழுந்துட்டேன்" என்றாள். அம்மா நம்பினாள். அல்லது நம்பியது மாதிரி இருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்கள் கூடினார்கள். நம் பக்கம் அப்பா, பெரியப்பா, தாய்மாமன், அப்பாவோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஒரு யூனியன்காரர். அந்தப் பக்கம் அக்காவின் மாமனார், அவருடைய தம்பி, அக்கா வீட்டுக்காரர், கூடவே வேலூரில் 'நல்ல மனுஷர்' என்று பெயரெடுத்த ஒருவர். ஆக மொத்தம் எட்டுப் பேர். ஆலமரம் இல்லை, சொம்பு இல்லை. மற்றபடி சினிமாவில் பார்ப்பீர்களே, அந்தப் பஞ்சாயத்தேதான். இரண்டு மணி நேரம் பேசினார்கள். "சின்னஞ்சிறுசுங்க, அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியப்பா. "ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போகணும்" என்றார் நல்ல மனுஷர். 'இனிமே கை நீட்ட மாட்டேன்' என்று அக்கா வீட்டுக்காரர் சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதி. அப்பா சமையல்கட்டு வாசலுக்கு வந்து, "அனுசரிச்சுப் போம்மா" என்றார்.

நான் அந்தப் பஞ்சாயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். எட்டு டம்ளர். தட்டு ஆடாமல் கொண்டுபோனதற்காக தாய்மாமன் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

சாயங்காலம் அக்கா வேலூருக்குப் போய்விட்டாள். பிரச்னை தீர்ந்தது. அப்படித்தான் இருபது வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2011-ல் அப்பா போனார். உயில் எதுவும் எழுதவில்லை. 2016 பிப்ரவரியில் அம்மா. பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரி, வீடு என்று அலைந்து... அதற்குமேல் வேண்டாம். வீட்டின் கீழ்ப்பகுதியில் நான், மனைவி, குழந்தைகள். மாடியில் குடித்தனம். வாடகை 9,000. அம்மா இருந்தவரை அம்மாவிடம் கொடுத்தேன். அதற்கப்புறம்... என் அக்கவுன்ட்டிலேயே இருந்தது. 'இருந்தது' என்பதைக் கவனியுங்கள். எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை பாருங்கள்!

2017-ல் அக்கா போன் பண்ணினாள். "வீட்டுல என் பங்கு என்னன்னு பேசணும்டா."

பேசியிருக்கலாம். சட்டப்படி சிக்கலே இல்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் கிடையாது, அம்மாவும் இல்லை. மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. ஹைஸ்கூல் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் நான் காமர்ஸ் படித்தவன் ஆயிற்றே! உட்கார்ந்து ஒரு எக்செல் ஷீட் தயார் பண்ணினேன்.

அக்கா கல்யாணத்துக்குப் போட்ட 30 பவுன். மண்டபம். சீர்வரிசை. வளைகாப்பு. அப்பாவின் பைபாஸ். அம்மாவின் ஐ.சி.யூ. பில். மாடித் தளம் ஒழுகியதற்குப் பூசிய சிமென்ட் உட்பட. இதில் 30 பவுனை 1997 விலைக்குப் போடவில்லை. 2017 விலைக்கு ஏற்றிப் போட்டிருந்தேன். ரீவேல்யுவேஷன்! கடைசி வரியில், அக்காவுக்குச் சேர வேண்டியது என்று ஒரு தொகை வந்தது. ஒரு நல்ல பைக் வாங்கலாம். அவ்வளவுதான்.

அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. 2018-ல் சிட்டி சிவில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்துக்குள்தான் சிட்டி சிவில் கோர்ட்டும் இருக்கிறது. செக்கச்செவேல் கட்டடம், கலங்கரை விளக்கம் எல்லாம் வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே போய் வாய்தாவுக்குக் காத்திருந்து பாருங்கள். முதல் நாள் எனக்கும் அக்காவுக்கும் நடுவே மூன்று பெஞ்ச் தூரம். அக்கா டிபன் பாக்ஸில் ஏதோ கொண்டு வந்திருந்தாள். பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினாள். அப்புறம் மூடி பைக்குள் வைத்துக்கொண்டாள். எலுமிச்சம் சாத வாசனை மட்டும் மூன்று பெஞ்ச் தாண்டி வந்தது.

என் வக்கீல் நண்பர் உற்சாகமாக இருந்தார். "கவலைப்படாதீங்க. சாட்சி, குறுக்கு விசாரணை, அப்பீல்னு எப்படியும் பத்து, பன்னிரண்டு வருஷம் இழுத்துடலாம்." இதைத் தைரியம் சொல்வதாக நினைத்துச் சொன்னார். எனக்கு அப்போது 38 வயது. பன்னிரண்டு வருடம் கழித்து ஜெயித்து, 50 வயதில் அக்காவுக்குப் பங்கு கொடுக்காமல் தப்பித்தவன் என்று பெயர் வாங்குவேன். பிரமாதம்!

மூன்றாவது வாய்தாவிலேயே நீதிபதி இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா தம்பியா? மீடியேஷனுக்குப் போய்ட்டு வாங்க" என்று எழுதிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்த மீடியேஷன் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1976-ல் நடந்த ஒரு மாநாட்டில், ஹார்வர்டு பேராசிரியர் ஃப்ராங்க் சாண்டர் ஒரு யோசனை சொன்னார். கோர்ட்டுக்கு ஒரே ஒரு கதவு எதற்கு? வருகிற வழக்கின் குணத்தைப் பார்த்து, இது தீர்ப்புக்கு, இது சமரசத்துக்கு என்று வெவ்வேறு கதவு வழியாக அனுப்பலாமே என்றார். நம் ஊருக்கு அது வந்து சேர கால் நூற்றாண்டு ஆனது. 1999-ல் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 89-வது பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். (ஆமாம், அதே 1999! எங்கள் வீட்டு ஹாலில் பஞ்சாயத்து நடந்த அதே வருடம்.) அந்தத் திருத்தங்களை எதிர்த்து நாடு முழுக்க வக்கீல்கள் வேலைநிறுத்தம்கூடச் செய்தார்கள். மாற்றுமுறைத் தீர்வை ஆங்கிலத்தில் சுருக்கமாக 'ஏ.டி.ஆர்.' என்பார்கள். 'அலார்மிங் டிராப் இன் ரெவின்யூ', அதாவது வருமானத்தில் பயங்கரச் சரிவு என்று அதற்கு வக்கீல்களே ஒரு விரிவாக்கம் வைத்திருக்கிறார்கள். 2002 ஜூலையில் பிரிவு அமலுக்கு வந்தது. 2005 ஏப்ரலில் நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் சமரச மையம் திறந்தார்கள். கோர்ட்டோடு சேர்ந்து இயங்கும் இப்படிப்பட்ட மையங்களில் இந்தியாவுக்கே முன்னோடி என்று பெயர் வாங்கியது. சென்னைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இதற்காகத் தொடக்கத்திலிருந்து உழைத்தவர்களில் ஒருவர் சீனியர் வக்கீல் ஸ்ரீராம் பஞ்சு. அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் மூன்று பேர் கொண்ட சமரசக் குழு போட்டதே, அதில் ஒருவராக இருந்தாரே, அவர்தான். அந்தச் சமரசம் பலிக்கவில்லை. நவம்பரில் தீர்ப்புதான் வந்தது. எல்லாப் பூட்டுக்கும் இந்தச் சாவி சேராது.

எந்தப் பூட்டுக்குச் சேரும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியலே போட்டது. பாகப்பிரிவினை, கணவன்-மனைவி தகராறு, வீட்டுக்காரர்-குடித்தனக்காரர், வியாபாரக் கூட்டாளிகள்... அதாவது, சண்டை முடிந்த பிறகும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழித்தாக வேண்டிய ஆட்கள். மோசடி, போலிக் கையெழுத்து, தேர்தல் வழக்கெல்லாம் ஆகாது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

சமரச மையத்து அறையில் மேடை இல்லை. கூண்டு இல்லை. ஒரு மேஜை, சுற்றி நாற்காலிகள், தண்ணீர் பாட்டில். மீடியேட்டராக வந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் வக்கீல். அங்கே அவர் கவுன் போட்டுக்கொள்ளவில்லை. இதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவராம். முதலிலேயே நாலு விஷயம் சொன்னார்.

"நான் ஜட்ஜ் இல்ல, தீர்ப்பு சொல்ல மாட்டேன். இங்க பேசறது எதையும் கோர்ட்ல யாரும் சாட்சியா காட்ட முடியாது, என்னையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இதுக்கு நீங்க எனக்கு ஒரு பைசா தர வேண்டாம். கடைசியா ஒண்ணு... உங்க ரெண்டு பேர்ல யாருக்குப் பிடிக்கலைன்னாலும், எப்ப வேணா எழுந்து போயிடலாம்."

அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அக்காவின் வக்கீல் தொண்டையைச் செருமினார். "அவங்களே சொல்லட்டும் சார்" என்றார் மீடியேட்டர்.

அக்கா கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டைப் பற்றிச் சொல்லுவாள், வாடகையைப் பற்றிக் கேட்பாள் என்று நான் ஷீட்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன்.

"எட்டு காபி மேடம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு 24 வயசு. எங்க வீட்டு ஹால்ல எட்டுப் பேர் உக்காந்து, நான் திரும்பிப் போகணுமா, வேண்டாமான்னு பேசினாங்க. எட்டுப் பேருக்கும் நான்தான் காபி கலந்தேன். இவன் எடுத்துட்டுப் போனான். ரெண்டு மணி நேரத்துல ஒருத்தர்கூட சமையல்கட்டுக்கு வந்து, நீ என்னம்மா சொல்றேன்னு கேக்கல. அப்பா வந்தாரு, முடிவைச் சொல்றதுக்கு. இப்ப இவன் ஒரு கணக்கு அனுப்பியிருக்கான். அதுவும் முடிவுதான். என்னைக் கேக்கல."

நாற்பது நிமிடம் பேசினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. எனக்கு இரண்டு தடவை வாய் வந்தது. மீடியேட்டர் கையை லேசாகத் தூக்கினார், அடங்கிவிட்டேன். கன்னத்தில் அந்த வீக்கம் படியில் விழுந்ததில்லை என்பதை நான் முதல்முறையாக அக்கா வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். திரும்பிப் போன பிறகு நடந்ததையும் சொன்னாள். அதை எழுத அவள் அனுமதி தரவில்லை.

அடுத்த தேதியில், மீடியேட்டர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தனியாகச் சொல்வதை நாம் சம்மதித்தால் ஒழிய எதிர்த்தரப்புக்குச் சொல்ல மாட்டார்கள். இது நல்ல ஏற்பாடு. மனுஷன் தன் எதிரி முன்னால் ஒப்புக்கொள்ளாததை மூன்றாவது ஆளிடம் ஒப்புக்கொண்டுவிடுவான். நான் ஷீட்டை நீட்டினேன். நிதானமாகப் படித்தார். குறையே சொல்லவில்லை. "நல்லா தெளிவா போட்டிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமை.

"அம்மா கடைசியா எங்க இருந்தாங்க?"

"அக்கா வீட்டுல மேடம். வேலூர்ல. ஏழு மாசம்."

"யார் பார்த்துக்கிட்டது?"

"அக்காதான். ஸ்கூல்ல டீச்சர். லீவு போட்டுட்டு..."

"சம்பளத்தோடயா?"

"இல்ல. லாஸ் ஆஃப் பே."

"அது இதுல எந்த வரில இருக்கு?"

காஸ்ட் அக்கவுன்டன்சி வகுப்பில் 'ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட்' என்று ஒரு பாடம் உண்டு. கையை விட்டுப் போகாத, ஆனால் கைக்கு வராமல் போன பணமும் செலவுதான் என்பது அதன் சாரம். அந்தப் பேப்பரில் எனக்கு 82 மார்க். அந்த அறையில் பூஜ்யம். டபுள் என்ட்ரி படித்தவன், பற்று மட்டும் எழுதி வரவை எழுதாமல் விட்டிருந்தேன்.

உடனே மனம் மாறி அக்கா காலில் விழுந்தேன் என்று நினைக்காதீர்கள். இது சினிமா இல்லை. ஷீட்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். கஞ்சத்தனமான ஒரு தொகை போட்டு. மறுபடி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அப்போது என் வக்கீல் நண்பர் ஒரு காரியம் செய்தார். அக்காவைப் பார்த்து, கனிவாகத்தான், "நீங்க மூத்தவங்க. கொஞ்சம் பெரிய மனசு பண்ணி அனுசரிச்சுப் போனீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "நான் கிளம்பறேன் மேடம்."

பெரியப்பாவாக இருந்தால் "உக்காரும்மா" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார். நான் மீடியேட்டரைப் பார்த்தேன். அவர் பதறவில்லை. "தாராளமா போங்கம்மா. திரும்பப் பேசணும்னு தோணிச்சுன்னா தேதி தர்றேன். வேண்டாம்னா சமரசம் ஆகலைன்னு கோர்ட்டுக்கு ஒரு வரி எழுதி அனுப்பிடுவேன். யாரால ஆகலைன்னு எழுத மாட்டேன்" என்றார். கதவு திறந்தது, சாத்தியது. வராந்தாவில் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

இருபது நிமிடம். நான் தண்ணீர் பாட்டிலின் லேபிளை முழுக்கப் படித்து முடித்தேன். யாரும் அவளைக் கூப்பிடப் போகவில்லை. அவளாகத்தான் வந்தாள். உட்கார்ந்தாள். "அனுசரிக்கிற பேச்சு இருந்தா சொல்லிடுங்க. கோர்ட்லயே பார்த்துக்கறேன்" என்றாள். நண்பர் சாரி சொன்னார். உண்மையிலேயே நல்ல மனிதர் அவர்.

சமரசம், சமரசம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இருபது நிமிடம்தான். 1999-ல் எங்கள் ஹாலில் நடந்ததும் 'சமரசம்' என்ற பெயரில்தான். இரண்டு தரப்பு, பேச்சுவார்த்தை, விட்டுக்கொடுத்தல், எல்லாமே இருந்தன. எழுந்து போகும் வழி மட்டும் அக்காவுக்கு இல்லை. இதே ஹாலில் அடியாள் சேர்ந்தால் அதற்குக் கட்டப் பஞ்சாயத்து என்று பெயர். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2011-ல் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதம் என்று சொல்லி, அடியோடு ஒழிக்கச் சொன்னது. அடியாள் இல்லாத, காபி குடிக்கிற பஞ்சாயத்துகளை எந்தக் கோர்ட் ஒழிக்கும், சொல்லுங்கள்?

அதனால்தான் மீடியேஷன் வளர வளர, எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் வருகிறது. நன்றாகவே வளர்ந்திருக்கிறது. கணவன்-மனைவி வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பிப் பாருங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வர்த்தக வழக்கில் அவசரத் தடை எதுவும் கேட்கவில்லை என்றால், முதலில் மீடியேஷனுக்குப் போய்விட்டுத்தான் கோர்ட் படியேற வேண்டும் என்று 2018-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அது கட்டாயம்தான் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் அடித்துச் சொல்லிவிட்டது. 2023-ல் மீடியேஷனுக்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன் பிரிவுகளைப் படிப்படியாகத்தான் அமலுக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது வேறு விஷயம். 120 நாளில் பேசி முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். பன்னிரண்டு வருடம் இழுக்கலாம் என்ற என் நண்பரை நினைத்துக்கொள்ளுங்கள்!

அந்தச் சட்டத்தில் ஒரு சுவாரஸ்யம். 2021-ல் வந்த முதல் மசோதாவில், வழக்குப் போடுவதற்கு முன் எல்லோரும் கட்டாயம் மீடியேஷனுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை ஏற்கவில்லை. கடைசியில் சட்டமாக வந்தபோது, விருப்பப்பட்டால் போகலாம் என்று மாற்றிவிட்டார்கள். நல்லவேளை! அறைக்குள் வரச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதுகூடப் பரவாயில்லை என்பேன். எனக்கே அது தேவைப்பட்டது, நீதிபதி எழுதியிருக்காவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். ஆனால், உள்ளே வந்தபிறகு 'கையெழுத்துப் போடாமல் போகாதே' என்று ஒரு சின்ன அழுத்தம் விழுந்தாலும் அது எங்கள் வீட்டு ஹாலாகிவிடும். ஐந்து கோடி வழக்கைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில், 'இந்த மாதம் எத்தனை சமரசம் முடித்தீர்கள்?' என்று மேலேயிருந்து யாராவது டார்கெட் கேட்க ஆரம்பித்தால், முதலில் 'அனுசரிச்சுப் போம்மா' யார் காதில் விழும் என்று உங்களுக்கே தெரியும். குடும்ப நல கோர்ட் வராந்தாவில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் மகளின் காதோரம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் சட்டம் படித்தவனில்லை. அடிதடி இருந்த வீட்டுக்குள் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புகிற எந்தப் பேச்சுக்கும் 'சமரசம்' என்ற பெயர் வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

எங்கள் கதை நாலாவது தேதியில் முடிந்தது. 2019 பிப்ரவரி.

மாடி முழுவதும் அக்காவுக்கு. கீழ்ப்பகுதி எனக்கு. மனையில் ஆளுக்குப் பாதி. மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு, என் செலவில். என் வீட்டுக்குள் வராமலே தன் வீட்டுக்குப் போகும் வழி வேண்டும் என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தாள். அப்புறம் வாடகை. அம்மா போனதிலிருந்து 36 மாதம், மாதம் 9,000. மொத்தம் 3,24,000. அதில் பாதி 1,62,000. 'எனக்குக் குழந்தைங்க படிப்பு...' என்று இழுத்துப் பார்த்தேன். அக்கா ஒரு ரூபாய்கூட விடவில்லை. கணக்கு டீச்சர்! 13,500 வீதம் பன்னிரண்டு தவணை மட்டும் கொடுத்தாள்.

கையெழுத்துப் போடும் நேரத்தில், "இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அந்த ஷீட்டைக் கேளுங்க."

கொடுத்தேன். பையிலிருந்து சிவப்பு மை பேனாவை எடுத்தாள். '30 பவுன்' என்ற வரியை ஸ்கேல் வைத்தது மாதிரி நேராக அடித்தாள். "இது எனக்குக் குடுத்தது இல்லடா. அவங்களுக்குக் குடுத்தது. கல்யாணமான மூணாவது மாசமே என் கழுத்துல இல்ல" என்றாள்.

ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சட்டப்படி அந்த வரிக்கு மதிப்பும் கிடையாது. நாங்கள் கையெழுத்துப் போட்டதை கோர்ட் ஏற்றுக்கொண்டு டிக்ரியாக எழுதிவிட்டது. அதை எதிர்த்து அப்பீலுக்குப் போக எங்களுக்கும் காரணமில்லை. அக்கா கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பி வந்தது. சமரசமாகப் போனால் தமிழ்நாட்டுச் சட்டப்படி திருப்பித் தந்துவிடுகிறார்கள். கோர்ட் அனுப்பாமல் தாங்களாகவே வெளியே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வழக்கு எதுவும் அப்படி முடிந்தால் கேட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.

அந்த ஷீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

2021-ல், பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும், அக்கா பெரம்பூர் பக்கத்திலேயே ஒரு ஸ்கூலில் சேர்ந்து மாடிக்குக் குடிவந்துவிட்டாள். தனியாகத்தான். வேலூரில் என்ன பேசிவிட்டு வந்தாள் என்று அவள் சொல்லவில்லை. நான், இந்தத் தடவை, கேட்டேன். "அப்புறம் சொல்றேன்" என்றாள். சரி என்றேன்.

நாங்கள் ஒட்டி உறவாடுகிறோம் என்று எழுதினால் அக்காவே சிரிப்பாள். தீபாவளிக்குப் பலகாரம் இறங்கி வரும், மேலே போகும். ஷீட்டில் எழுதிய கை எழுதியதுதான். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சட்டென்று ஒரு அமைதி விழுகிறது. அது என்ன அமைதி என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போன வாரம் தண்ணீர் மோட்டாரில் ஒரு சண்டை. கீழ்வீட்டில் ஆள் அதிகம், மாடியில் ஒருத்தி, கரன்ட் பில்லைச் சரிபாதி எப்படிப் போடலாம் என்று அக்கா கேட்டாள். தலைக்கு இவ்வளவு என்று பிரித்து ஒரு கணக்குப் போட்டு அனுப்பட்டுமா என்றேன்.

"அனுப்பாத. மேல வா, பேசலாம்" என்றாள்.

போனேன். அந்தத் தனிப் படிக்கட்டு வழியாகத்தான். பால் பொங்கிக்கொண்டிருந்தது. "நான் கலக்கட்டுமா?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, டிகாக்‌ஷன் எங்கே இருக்கிறது என்று கையைக் காட்டினாள்.